மாமனார் கொடுத்த எட்டு போர்ட்

மாமனார் ஆசையாக வாங்கிக் கொடுத்த பொருளில் குறை சொல்ல ஒரு மாப்பிள்ளைக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேண்டும்! நம் ஆளுக்கு அது மருந்துக்குக்கூடக் கிடையாது. அவர் கெட்டதே அதனால்தான்.

படப்பிடிப்புக் காட்சிகளைச் சேமித்து, நகலெடுத்து, தொகுத்துக் கொடுப்பது அவர் தொழில். மருந்துக்கடைக்கு மேலே ஒற்றை அறை. ஒரு மேசையில் அவர், அடுத்த மேசையில் ஒலி வேலை பார்க்கும் மனைவி. ஆவணப்படம் எடுக்கும் அம்மையார் ஒருவர், ஒரு நாள் மாலை நாலு மணிக்கு விமான நிலையம் போகிற வழியில் வருவதாக இருந்தார். நாலு நாள் காட்சிகளை அவருடைய நாலு ஹார்ட் டிஸ்க்கில் எழுதித் தர வேண்டும். "மூணு நாளோடது கையில இருந்தாப் போதும், நாலாவதை அப்புறம் அனுப்புங்க. இது சரியா நடந்தா அடுத்த ஒரு வருஷ வேலையும் உங்களுக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வருஷ வேலைக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மாதமாகத் தவம் கிடந்தார்கள்.

மாமனார் பெரிய கிடங்கு ஒன்றில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதுவும் சும்மா கிடப்பதைப் பார்த்தால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். மாப்பிள்ளை ஒரே போர்ட்டில் டிஸ்க்கை மாற்றி மாற்றிச் செருகி அல்லாடுவதைப் பார்க்க மனசு கேட்காமல், கடை கடையாக ஏறி இறங்கி, எட்டு அதிவேகப் போர்ட் உள்ள கார்டு ஒன்றை வாங்கி வந்தார். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. குறை கணினிப் பெட்டிக்குள் இருந்தது. கார்டு செருகுவதற்கான அகலமான ஸ்லாட்டில், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அதன் தடித்த உடம்பு பக்கத்து ஸ்லாட்டையும் மறைத்துவிட்டது. மிச்சம் இருந்தது மூலையில் ஒரு குட்டி ஸ்லாட். அது ஒரு நேரத்தில் ஒரு டிஸ்க்குக்குத் தீனி போடவே சரியாக இருக்கும். ஆக, எட்டு வாய்க்கு ஒரே தொண்டை. மாட்டிய அன்றே மாப்பிள்ளை இதைக் கண்டுபிடித்துவிட்டார். கண்டுபிடித்துவிட்டு, "பிரமாதம் மாமா" என்றார்.

அம்மையார் வரவிருந்த நாளில் மதியம் ஒரு மணிக்கு முதல் டிஸ்க்கைச் செருகினார். ஒன்றுக்கு ஒரு மணி நேரம். நாலு மணிக்குள் மூன்று முடிந்துவிடும். கணக்கு கச்சிதம். அந்த நேரம் பார்த்து மாமனார் படியேறி வந்தார்.

"என்ன மாப்ளே, ஒண்ணுதான் ஓடுது? மிச்சமெல்லாம் சும்மா கிடக்கு?"

"இல்ல மாமா, ஒவ்வொண்ணா..."

"எதுக்கு ஒவ்வொண்ணா? அதான் எட்டு இருக்கில்ல!" மற்ற மூன்றையும் தம் கையாலேயே செருகினார். "ம், ஆரம்பிங்க."

மாப்பிள்ளை ஆரம்பித்தார். அப்படியும் காலியாக இருந்த போர்ட்டுகளில் மாமனார் தம் கைப்பேசியையும் ஒரு குட்டி மின்விசிறியையும் மாட்டிக்கொண்டு திருப்தியாகக் காற்று வாங்கினார்.

திரையில் நாலு பச்சைக் கோடுகள். முதல் கோட்டின் வேகம் கால்வாசியாக விழுந்தது. மனைவி ஹெட்போனைக் கழற்றினாள்.

"சொல்லுங்களேன்" என்று முணுமுணுத்தாள்.

"எப்படிச் சொல்றது? ஆசையா வாங்கித் தந்திருக்காரு."

"அப்போ நான் சொல்லட்டுமா?"

"வேணாம். மனசு கஷ்டப்படுவாரு."

மாமனார் கைகழுவப் போன நேரத்தில் மாப்பிள்ளை மற்ற மூன்றையும் நிறுத்தினார். முதல் கோடு ஓட்டமெடுத்தது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இரண்டே நிமிடம்தான். திரும்பி வந்த மாமனார், "ஐயையோ, மூணு நின்னுபோச்சு பாருங்க!" என்று பதறினார். மாப்பிள்ளை மூன்றையும் மறுபடி ஓடவிட்டார். அதற்குப் பிறகு மாமனார் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு திரைக்குக் காவலாகவே உட்கார்ந்துவிட்டார்.

நாலு மணிக்கு அம்மையார் வந்தார். கீழே கார் காத்திருந்தது.

"எது எது முடிஞ்சிருக்கு?"

நாலும் முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒன்றுகூட முழுதாக இல்லை. ஒவ்வொரு நாளின் காட்சியும் ஒரே பெரிய கோப்பு. கடைசிவரை எழுதி முடிக்காவிட்டால் திறக்காது.

"நாலும் ஒரே நேரத்துல போகுதும்மா" என்று மாமனார் பெருமையாகச் சொன்னார்.

அம்மையார் மாப்பிள்ளையைப் பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

"என் தப்புதாம்மா. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தீங்கன்னா..."

"நான் இருப்பேன், விமானம் இருக்காதே. அசல் என்கிட்ட இருக்கு. அங்க போய் வேற யாரையாவது பார்த்துக்கறேன்." நாலு டிஸ்க்கையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

மாப்பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மனைவிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

"அப்பா, ஒரு கிடங்குக்கு எட்டு வாசல். வெளிய போறதுக்கு ஒரே ஒரு குறுகலான ரோடு. எட்டு லாரியையும் ஒண்ணா விட்டா என்ன ஆகும்?"

"முட்டிக்கிட்டு நிக்கும். ஒண்ணுகூட நேரத்துக்குப் போய்ச் சேராது. அவசரமானதை முதல்ல அனுப்பிட்டு மத்ததை நிறுத்தி வைக்கணும். இது ஒரு பெரிய..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கணினிப் பெட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். முகம் மாறியது. அவருக்குப் புரிய அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் மனசு நொந்துபோகப் போகிறதே என்று அப்போதும் அதே கவலை.

மாமனார் மகள் பக்கம் சாய்ந்து, ஒற்றை அறையில் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு குரலைத் தாழ்த்தினார்.

"இதுகூடத் தெரியாமலா உன் வீட்டுக்காரரு இத்தனை நாளா தொழில் பண்ணிட்டிருக்காரு?"