ஒத்திகைக்குப் போன நாய்

என் பிள்ளைகள் என்மீது வைத்திருக்கும் பாசத்தை அளக்க இன்னும் கருவி கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் அப்பா போய்ச் சேர்ந்ததும், "இனிமே அம்மாவ தனியா விடவே கூடாது" என்று மகனும் மகளும் ஒரே குரலில் சொன்னார்கள். சொன்ன கையோடு அவரவர் வீட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். முதலில் வாரா வாரம் வந்தார்கள். பிறகு வாரா வாரம் போன் வந்தது. அதற்கும் பிறகு, காலை வணக்கம் என்று எழுதிய ரோஜாப்பூப் படம் வந்தது. கடைசியில் இருவரும் கூடிப் பேசி, எனக்கு ஒரு நாயைக் கட்டிவைப்பது என்று முடிவெடுத்தார்கள்.

"தனிமைக்கு நாய்தாம்மா நல்ல மருந்துன்னு டாக்டருங்களே சொல்றாங்க" என்றாள் மகள். நான் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எந்த டாக்டரும் மருந்துச் சீட்டில் நாய் எழுதி நான் பார்த்ததில்லை. நீங்கள் ரெண்டு பேரும் வந்து போனால் மருந்தே தேவைப்படாதே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நாய் இருந்தா திருடன் வரமாட்டான்" என்றான் மகன். திருடன் வந்தால் பழைய ரேடியோவையும் ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினையும்தான் எடுத்துப் போக வேண்டும். அவனாவது ஒரு நடை வந்து போவானே என்று நினைத்தேன்.

நாய்கள் காப்பகம் பஸ் பணிமனைக்குப் பின்னால் இருந்தது. பினாயில் நெடியும் ஈரச் சாக்கு நாற்றமும் வாசலிலேயே வரவேற்றன. காப்பகத்துப் பெண் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஹோஸ் பைப்பால் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எந்த நாய் வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை. மகளுக்கு வீடுகளை உள் அலங்காரம் செய்து கொடுக்கும் தொழில். என் சோபா உறைக்குப் பொருத்தமான நிறத்தில் ஒரு குட்டியைக் கண்டுபிடித்துவிட்டாள். வெள்ளையும் பழுப்புமாக, பார்த்தவர் மேலெல்லாம் விழுந்து நக்குகிற குட்டி. பஞ்சு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

காப்பகத்துப் பெண் தண்ணீரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள். "தனியாவா இருக்கீங்கம்மா? தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இதை யாரு எடுத்துக்குவாங்க?"

வார்டில் வேலை பார்த்த காலமெல்லாம் நான் கேட்ட கேள்விதான் அது. கூட யார் வந்திருக்கீங்க என்று கேட்டதும், அதுவரை கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்கு வெளியே அவசர வேலை வந்துவிடும். அந்த முகங்களை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது அவற்றில் இரண்டு என் பக்கத்திலேயே நின்றன.

மகன் இன்ஷூரன்ஸ் விற்கிறவன். உங்களுக்கு அப்புறம் உங்க குடும்பம் என்ன ஆகும் என்று கேட்டே கல்யாணமாகாதவனைக்கூட அழவைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவான். அப்பேர்ப்பட்டவன் மேலே ஓடாமல் நின்ற மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தான்.

"அம்மாவுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்றான்.

"அதுக்கு நீங்க கியாரண்டி குடுக்கறீங்களா சார்?" என்றாள் அவள். அந்த நிமிடமே எனக்கு அவளைப் பிடித்துப் போயிற்று.

"அண்ணன் வீடுதான் பெருசு" என்றாள் மகள்.

"இவளுக்குத்தாங்க நாய்னா உசிரு" என்றான் மகன்.

"எனக்கு எப்பண்ணா நாய்னா உசிரு?"

கொஞ்ச நேரம் பஞ்சு ரெண்டு பேருக்கும் நடுவே பந்து மாதிரி போய் வந்தது. சுற்றி நின்றவர்கள் பார்க்க ஆரம்பித்ததும், மகன் மென்று விழுங்கி, "சரி, நான் எடுத்துக்கறேன்" என்றான். கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே!

அத்துடன் விட்டார்களா என்றால் இல்லை. தனியாக இருக்கும் வயசானவர்களுக்கென்றே காப்பகத்தில் ஒத்திகை என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். நாய் முதலில் என்னோடு கொஞ்ச நாள் இருக்கும். பிறகு, எனக்கு உடம்புக்கு முடியாமல் போய்விட்டதாக வைத்துக்கொண்டு, மகன் வீட்டில் ஒரு வாரம் இருக்க வேண்டும். அங்கே ஒத்துப்போனால்தான் நாய் எனக்கு. ஆக, நான் படுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நானே திடகாத்திரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். இந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பஞ்சு வந்த அன்றே செய்தித்தாளைத் தின்றது. மறுநாள் செருப்பு. சோபா உறைக்குப் பொருத்தமான நாய் என்றார்களே, அது சரிதான். உறையையும் கடித்துக் குதறி, தானே அந்த இடத்தில் படுத்துக்கொண்டது. நான் திட்டினேன். திட்டத் திட்ட வாலை ஆட்டியது. அப்போதுதான் உறைத்தது, இந்த வீட்டில் என் குரல் இவ்வளவு சத்தமாகக் கேட்டு எத்தனையோ மாதமாயிற்று. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஒத்திகை நாளன்று காலையில் மகன் வந்து பஞ்சுவையும் அதன் தட்டையும் பாயையும் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அன்று வீடு சுத்தமாக இருந்தது. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலை, நாய் சாப்பிட்டதா என்று கேட்கப் போன் போட்டேன்.

"அதை நேத்து சாயங்காலமே காப்பகத்துல விட்டுட்டேன்மா" என்றான்.

"சாயங்காலமேவா?"

"ஒரே அழுகைம்மா. தரை வழுக்குது அதுக்கு. உன் மருமகளுக்கு வேற ஓயாத தும்மல். நாங்க நல்லாத்தாம்மா பாத்துக்கிட்டோம். ஆனா அதோட நல்லதையும் யோசிக்கணும்ல? அங்கன்னா அதை மாதிரியே நாலு பேரு இருப்பாங்க. வேளா வேளைக்குச் சாப்பாடு, ஒண்ணுன்னா உடனே டாக்டர். நம்மளால அந்த அளவுக்குப் பாக்க முடியுமா, நீயே சொல்லு."

இந்த வசனத்தை நான் வார்டில் மனப்பாடம் ஆகும்வரை கேட்டிருக்கிறேன். கட்டிலில் கிடக்கிற அப்பாவையோ அம்மாவையோ எந்த விடுதியில் சேர்ப்பது என்று பேசும்போது, இதே கனிவோடு, இதே வரிசையில்தான் சொல்வார்கள். என் மகனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம் நடக்கவேண்டிய ஒத்திகை, விளக்கு வைக்கும் நேரம்வரைகூடத் தாங்கவில்லை.

"என்கிட்டயே கொண்டுவந்து விட்டிருக்கலாமேடா."

"ஒத்திகைல தோத்துட்டா உனக்குத் தரமாட்டாங்கம்மா. அதான் நேரா அங்கயே விட்டுட்டேன். உனக்கு அலைச்சல் மிச்சம்."

நான் அலையக்கூடாது என்பதில் என் பிள்ளைக்கு எப்போதுமே அக்கறை. மகளைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு இப்போதுதான் வெள்ளைக் கம்பளம் போட்டிருக்கிறாளாம், அடுத்த வருஷம் பார்க்கலாமாம். போனை வைத்தபின் அழுகை வந்தது. நாய்க்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மனசு கேட்காமல் காப்பகத்துக்குப் போனபோது, பஞ்சு ஒரு சிறுமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு காரில் ஏறிக்கொண்டிருந்தது. பெரிய தோட்டம் உள்ள வீடாம். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் வீட்டில் வளர்ந்த கொஞ்ச நாளிலேயே குடும்பப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

"விதியை நான் போடலம்மா" என்றாள் காப்பகத்துப் பெண். அவளுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. "வளத்தவங்க போயிட்டா, பிள்ளைங்க நம்ம கேட்ல கட்டிட்டுப் போயிடறாங்க. எத்தனையைத்தான் அவுத்து உள்ள விடறது?" கொஞ்சம் தயங்கிவிட்டு, "மாத்து ஆளே தேவைப்படாத கேஸ் ஒண்ணு இருக்கு. பாக்கறீங்களா?" என்றாள்.

கடைசிக் கூண்டில் ஒரு கிழட்டுப் பெட்டை படுத்திருந்தது. மூஞ்சியெல்லாம் நரை. ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. இதயம் சரியில்லை, பல் பாதி இல்லை. யார் வந்தாலும் எழுந்திருக்காது என்பதால் எல்லாரும் அதை மேடம் என்றார்கள். அதுவும் கேட்டில் கட்டப்பட்டு வந்ததுதான்.

"ஒரு வருஷம் இருந்தாலே பெருசுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். "இதை யாரும் கேக்கறதும் இல்ல."

நான் கூண்டுக்குள் போய்த் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் முனகியது. மேடம் நல்ல கண்ணைத் திறந்து, வேலைக்கு ஆள் எடுப்பவர்போல என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. வாலை ஆட்டவில்லை. எனக்கு அதுவே ஆறுதலாக இருந்தது. வெகு நேரம் கழித்து, போனால் போகிறது என்கிற மாதிரி தாடையைக் கொண்டுவந்து என் கால்மேல் வைத்தது. அதற்குப் பிறகு எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. எழுந்தபோது அதோடுதான் எழுந்தேன்.

விஷயம் காதுக்குப் போனதும் மகனும் மகளும் ஒன்றாக வந்து நின்றார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இருவரையும் ஒரே நாளில் என் வீட்டில் பார்த்தேன். மேடம் காலடி வைத்த ராசி. நான் நாய்க்கான மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, சாகப்போற நாயை யாராவது வீட்டுக்குக் கொண்டு வருவாங்களா?" என்றாள் மகள். மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னதால் பாதிதான் கேட்டது.

"மருந்து குடுக்கணும், தொடைச்சு விடணும், கூடவே கெடக்கணும்" என்றான் மகன். "கடைசில அழுதுகிட்டு உக்காரணும். உனக்கு எதுக்கும்மா இந்தத் தலையெழுத்து?"

நான் பொடியைத் தண்ணீரில் கரைத்து மேடத்தின் கடைவாயில் ஊற்றினேன். அது முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கியது.

"அது போற நேரத்துல பக்கத்துல ஒரு ஆள் இருக்கணும்லடா" என்றேன்.

மகள் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். மகனின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"அப்ப, உன்னை நாங்க பாத்துக்க மாட்டோம்னு சொல்றியா?" என்றான். குரல் உடைந்திருந்தது.

"உன்னை யாருடா சொன்னா?" என்றேன். "நான் நாயைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன்."