ஒன்பது வீட்டுக்கு ஒரு டிக்கெட்

ஏழு மணி நேரம் இருபது நிமிடம் அந்தச் சந்தின் ஒன்பது வீட்டுக்காரர்களும் தரையில் நிலையாக நிற்கவில்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து இருபதுக்கு முடிந்தது. நடுவில் சாப்பாட்டுக்கு நாற்பது நிமிடம் விட்டது. இப்படி நடப்பது அது ஆறாவது வருடம் என்பதால் யாரும் பதறவில்லை. பாத்திரங்களை முந்தின நாளே கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள், காஸ் சிலிண்டர்களை மூடியிருந்தார்கள், நாற்காலிகளையும் பாய்களையும் சந்துக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். சுவரில் ஒட்டிய தாளில் பத்து நாற்பதுக்கு ராட்சத ராட்டினம் என்று எழுதியிருந்தது. பத்து நாற்பதுக்கு அத்தனை பேரும், உட்கார்ந்திருந்த நாற்காலியோடும் பாயோடும், மெதுவாக மேலே போனார்கள். மொட்டைமாடிகளைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டிகளைத் தாண்டி, உச்சியில் கொஞ்ச நேரம் நின்று, மறுபக்கமாக இறங்கினார்கள். அப்படிப் பதினோரு சுற்று. சந்தில் இருந்த பஸ் கண்டக்டர் எண்ணிக்கொண்டார்.

இதை டிக்கெட் விலையிலிருந்துதான் சொல்லத் தொடங்க வேண்டும். ஊருக்கு வெளியே ராட்டினங்களோடு பொழுதுபோக்குப் பார்க் ஒன்று திறந்த வருடம், சந்தின் மூன்றாவது வீட்டில் இருந்த நான்கு பேரும் போனார்கள். அப்பா லிஃப்ட் மெக்கானிக். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டுச் சட்டைக் காலர் தைப்பவர், நூறு காலருக்கு இவ்வளவு என்று கம்பெனியில் கொடுப்பார்கள். இரண்டு பெண்கள். நான்கு டிக்கெட்டும் சேர்ந்து அப்பாவின் இரண்டு நாள் சம்பளம் ஆனது. அடுத்த வருடம் நான்கு நாள் சம்பளம் ஆனதும் அம்மாவுக்குத் தலை சுற்றல் வந்துவிட்டது. மூன்றாம் வருடம் அப்பா, நாள் பூராவும் ஏறி இறங்குறதுதான் என் வேலை, லீவு நாள்லயும் அதையே பண்ணணுமா என்று கேட்டுவிட்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டார். நான்காம் வருடம் ஒரு டிக்கெட்டுக்குத்தான் வழி இருந்தது. கல்லூரி அடையாள அட்டை வைத்திருப்பவர்களுக்கு முப்பது சதவீதம் தள்ளுபடி என்று போட்டிருந்தார்கள். பள்ளிக்கூட அட்டைக்குத் தள்ளுபடி கிடையாது. அதனால் பி.எஸ்ஸி. வேதியியல் படித்துக்கொண்டிருந்த பெரியவள் போனாள். சின்னவள் அவளோடு மூன்று நாள் பேசவில்லை.

அன்றைக்குத்தான் முதல் தடவை நடந்தது. அம்மா மிஷினோடு சேர்ந்து கூரை வரைக்கும் போனார். கையிலிருந்த காலரை விடவில்லை, தையலும் கோணவில்லை. சின்னவள் கணக்கு நோட்டோடு ஜன்னல் வழியாக வெளியே போய்த் திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர் பாதி முகச்சவரத்தோடு ஓட்டுக்கு மேலே நின்றார். எதிர்வீட்டு லாண்டரிக்காரரின் மனைவிக்கு அப்போது இடுப்புக்குக் கீழே உணர்வு போய் நான்கு வருடமாகியிருந்தது. கட்டிலும் தலையணையுமாக வாசல் வழியே வெளியே வந்து மேலே போன அவர், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஏரி ஒன்று இருப்பதைப் பார்த்தார். பகல் ஒன்றரைக்கு ஒன்பது வீடும் நனைந்தன. சாயங்காலம் பெரியவள் வந்ததும் எந்த நேரத்துக்கு எதில் ஏறினாய் என்று கண்டக்டர் விசாரித்தார். முப்பது வருடம் டைம்டேபிளோடு வாழ்ந்தவர், தூக்கிய நேரம் இறக்கிய நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்திருந்தார். நிமிடம் பிசகாமல் பொருந்தியது. பெரியவள் தன் பங்குக்கு, பாயைப் பிழிந்த தண்ணீரைக் கல்லூரிக்கு எடுத்துப்போய்ச் சோதித்தாள். நீச்சல் குளத்துக்கு இருக்க வேண்டிய அளவு குளோரின் இருந்தது.

ஒருத்தி ஏறினால் ஒன்பது வீடு ஏறும் என்று தெரிந்தபின் ஒன்பது வீடும் டிக்கெட்டுக்குப் பங்கு போட்டன. பார்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. வார நாள் விலை, வாரக் கடைசி விலை, விடுமுறை விலை என்று பிரித்தார்கள். வரிசையில் நிற்காமல் போகத் தனி விலை வைத்தார்கள். பையை வைக்க ஒரு விலை, செருப்பை வைக்க ஒரு விலை. சந்து மேலே போகத் தொடங்கிய ஆறாவது வருடத்தில் அந்த ஒற்றை டிக்கெட், தள்ளுபடி போக, அப்பாவின் பதினோரு நாள் சம்பளமாக இருந்தது. ஆகவே தள்ளுபடி போய்விடாமல் பார்த்துக்கொள்வது சந்தின் பொதுக் காரியமானது. பி.எஸ்ஸி. முடிந்ததும் அவளை எம்.எஸ்ஸி. சேர்த்தார்கள். அது முடிந்ததும் நூலகவியல் டிப்ளமோ. அதுவும் முடிந்ததும், எங்கெங்கோ விசாரித்து, கட்டணம் குறைவு என்று தேனீ வளர்ப்புச் சான்றிதழ் படிப்பில் சேர்த்துவிட்டார் லாண்டரிக்காரர். அவள் தேனீயை நேரில் பார்க்கவே இல்லை, அட்டை மட்டும் வந்தது. சந்தில் அவளை எல்லாரும் ஸ்டூடண்ட் என்றே கூப்பிட்டார்கள்.

அவளோடு படித்தவர்கள் வேலைக்குப் போய், கல்யாணமாகி, ஒன்றிரண்டு பேர் வேலையை விட்டும் இருந்தார்கள். அவள் மட்டும் வருடா வருடம் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, கண்டக்டர் போட்ட டைம்டேபிளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலை ஏழு மணி பஸ்ஸுக்குப் போனாள். குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்கு நடுவே தனியாக ஓடினாள். பன்னிரண்டு பத்துக்கு, உச்சிக்குத் தூக்கித் திடீரென்று கீழே விடும் டவர் என்றால் பன்னிரண்டு பத்துக்கு அதில் இருந்தாக வேண்டும். தாமதமானால் வீட்டில் யாராவது கொதிக்கும் குழம்போடு மேலே போவார்கள். இவ்வளவுக்கும் அவளுக்கு உயரம் ஆகாது. ஒரு வருடம் டவரிலிருந்து இறங்கி வாந்தி எடுத்தாள், ஒன்பது வீட்டிலும் வாய் புளித்தது. யாரும் குறை சொல்லவில்லை, அடுத்த வருடம் எலுமிச்சம்பழம் கொடுத்தனுப்பினார்கள்.

கடைசி இரண்டு வருடமாக அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். சாப்பிடும்போது எழுந்துபோய் வாசலில் நின்று மறுபடி வந்து உட்காருவாள். பஸ் சத்தம் கேட்டால் எந்த ஊர் பஸ் என்று பார்ப்பாள். கால்ல சக்கரமாடி கட்டியிருக்கு என்று அம்மா திட்டினார். ஆறாவது வருடப் பயணம் முடிந்து மூன்று வாரத்தில், இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்திலிருந்து அவளுக்கு வேலை உத்தரவு வந்தது. முதல் தேதி சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்தத் தாளை மடித்துக் கைப்பையின் உள்துணிக்கு அடியில் வைத்தாள். வேலைக்குப் போனால் அட்டை போகும். அட்டை போனால், முழு விலைக்கு ஒன்பது வீட்டால் முடியாது.

அவளிடம் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொன்னால் அட்டையைப் பற்றிய கவலையே வேண்டியிருக்காது. ஆனால் சொன்ன மாத்திரத்தில் சந்து மொத்தமும் தரையிலேயே நின்றுவிடுமோ என்று பயந்தாள். சொல்லிப் பார்த்தால்தான் தெரியும், சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது. ஆய்வகத்தில் அப்படிப்பட்ட சோதனையை யாரும் செய்ய விடமாட்டார்கள். மற்றவர்கள் தரையில் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். லாண்டரிக்காரரின் மனைவியை நினைத்துத்தான் தள்ளிப்போட்டாள். அந்த அம்மா வருடத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள், லாண்டரியின் பின்னறையில், சட்டைப் பொத்தான்களைத் தைத்துக்கொண்டு படுத்திருப்பவர். அந்த ஒருநாள் பார்த்ததை வைத்துத்தான் மீதி நாளெல்லாம் பேசுவார். ஏரியில் இந்த வருடம் தண்ணீர் குறைச்சல், மூன்றாவது தெருவில் புதுசாக மாடி எடுக்கிறார்கள், அதில் கம்பி போதாது என்பார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவள் அப்பாவின் வேலைச்சட்டைகளைப் போட லாண்டரிக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கூட்டம் இருக்கும். லாண்டரிக்காரர் தேய்ப்பார், கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை உரக்கப் படிப்பார், பின்னறைக் கதவைத் திறந்துவைத்துக் கட்டிலிலிருந்து அவர் மனைவி நடுநடுவே பதில் சொல்லுவார். அன்றைக்கு அவள் அம்மாவும் காலர் மூட்டையை வைத்துவிட்டு நின்றிருந்தார். கண்டக்டர் பார்க்கின் விளம்பரத்தைப் படித்தார். புது விலை. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒருசேர மூச்சு விட்டார்கள்.

“இந்த விலைக்குக் கப்பலே விடலாம்” என்றார் லாண்டரிக்காரர்.

“அடுத்து என்ன படிப்புல சேக்கலாம்? தேனீயும் முடியப் போகுது” என்றார் அம்மா.

“கோழி வளர்ப்புன்னு ஒண்ணு இருக்காம். ஆறு மாசம்” என்றது பின்னறை. “ஸ்டூடண்ட், உனக்கு முட்டை புடிக்கும்ல?”

அவள் கதவு நிலையில் சாய்ந்தாள், நிமிர்ந்தாள், மறுபடி சாய்ந்தாள். கண்டக்டர் அதற்குள் கீழ்வரியைப் படித்துக்கொண்டிருந்தார். முதலில் வாய்விட்டுப் படித்தார், பாதியில் குரல் இறங்கியது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். நான்கு மாதமாகச் சங்கிலி மாற்றும் பணிக்காக மூடியிருந்த டவர் நாளை முதல் மீண்டும் இயங்கும் என்று போட்டிருந்தது.

“நாலு மாசமா மூடிக் கிடந்திருக்கு” என்றார் கண்டக்டர். “நாம போனது போன மாசம். பன்னெண்டு பத்துக்கு டவர். நான் டிக் அடிச்சு வெச்சிருக்கேன். எல்லாரும்தான விழுந்தோம்.”

“என் கண்ணாடி அதுலதான் உடைஞ்சுது” என்றார் அம்மா.

“அதான் கேக்கறேன். மூடிக் கிடந்த டவர்ல இருந்து எப்படிம்மா விழுந்தோம்?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். அவர் அவசரப்பட்டு அப்படி வைத்து யாரும் பார்த்ததில்லை, பெட்டி சரிந்து ஒரு தலையணை உறையில் பழுப்பாக முத்திரை விழுந்தது. அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள். உள்துணி கிழிந்த ஓரத்தில் விரல் மாட்டிக்கொண்டது. வெளியே ஒரு பஸ் போனது. இந்த முறை அவள் அது எந்த ஊர் பஸ் என்று திரும்பிப் பார்க்கவில்லை. வேலை உத்தரவை எடுத்து மேசையில் துணிகளுக்கு மேலே வைத்தாள்.

“வேலை கிடைச்சிருக்கு. முதல் தேதி சேரணும்” என்றாள்.

அம்மா தாளைத் தூக்கி, உடைந்த கண்ணாடி வழியாகப் பார்த்தார். “இண்டர்வியூ இல்லாமயா குடுத்தாங்க?”

“இண்டர்வியூ நடந்துதும்மா.”

“என்னைக்கு? நீ எங்கயும் போகலையேடி.”

அவள் பின்னறைக் கதவைப் பார்த்துத்தான் பேசினாள். கட்டிலின் கால்மாட்டில் பொத்தான் டப்பாவும் சட்டைகளும் தெரிந்தன.

“அன்னைக்குத்தான். பன்னெண்டு பத்துக்கு நான் அங்க ஒரு ரூம்ல உட்கார்ந்து தண்ணியில இரும்புச்சத்து எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிட்டு இருந்தேன். டிக்கெட் காசு பஸ்ஸுக்கு ஆச்சு, மீதி இருக்கு, தந்துடறேன்.”

“எந்த பஸ்? எவ்வளவு வாங்கினான்?” என்றார் கண்டக்டர். கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டார்.

“போன வருசம் விடுமுறை விலைன்னு கேட்ல கூட்டிச் சொன்னாங்க. கையில அவ்வளவு இல்ல. திரும்பி வந்து சொல்ல மூஞ்சியில்லாம சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாப்லயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தா எல்லாரும் தலை துவட்டிட்டு இருக்கீங்க. எப்படின்னு எனக்குத் தெரியல. ஆனா ரெண்டு வருசமா நான் அந்தப் பார்க்குக்குள்ள காலே வைக்கல, அத்தை. நீங்கதான் போயிட்டு வந்திருக்கீங்க.”

பின்னறையிலிருந்து ஒரு பொத்தான் விழுந்து உருண்டு வந்து, சுவரோரம் நின்றது.

“அப்ப எதுக்கு வருசத்துக்கு ஒரு தடவைன்னு காத்துக்கிட்டுக் கெடக்கோம்?” என்றார் லாண்டரிக்காரரின் மனைவி. “அவ முதல்ல பஸ்ஸுக்குக் கிளம்பட்டும். கண்டக்டரே, ஒரு தாள் எடுங்க. அந்த டவர் மட்டும் வேணாம், வயித்தைப் பொரட்டுது.”

அவர் அதைச் சொல்லும்போது கட்டில் தரையிலிருந்து ஒரு முழம் மேலே வந்திருந்தது. லாண்டரிக்காரர் போய் வாசல் திரையை ஒதுக்கிவிட்டார், கண்டக்டர் மணி பார்த்துக் குறித்துக்கொண்டார்.