தரையில் கிடந்த பை

சட்டையில் எண்ணெய்ப் பொட்டு இருந்தாலே முகம் சுளிக்கிற தையல்காரி அவள். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்தபின், வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். சிறுநீர் போகச் செருகியிருந்த குழாயின் பையைத்தான் பொறுக்க முடியவில்லை. கட்டிலில் மாட்டவேண்டிய பை, கொக்கி உடைந்து தரையில் கிடந்தது. கழிவறையைத் துடைத்த அதே மாப்பால் துப்புரவு ஆள் அதையும் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார்.

நான்காம் நாள் பையிலிருந்தது கலங்கியது. ஐந்தாம் நாள் நூல் நூலாக ஏதோ மிதந்தது. மீன் அழுகியதுபோல வாடை. அடிவயிறு விண்விண்ணென்று தெறித்தது. நர்ஸிடம் சொன்னாள். குழாய் இருந்தால் அப்படித்தான் இருக்கும், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று மாலை பார்க்க வந்த நாத்தனார், உட்கார்ந்த வேகத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டாள். இது என் நாற்றம் என்று சொல்லத் தையல்காரிக்கு நாக்கு கூசியது. கண்ணால் பக்கத்துக் கட்டிலைக் காட்டினாள். அங்கே படுத்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பையைவிடத் தான்தான் அசிங்கம் என்று தையல்காரிக்குப் பட்டது.

ஆறாம் நாள் காலை குளிர்க் காய்ச்சல் தூக்கிப் போட்டது. பற்கள் அடித்துக்கொண்டதில் அவளால் வாய் திறக்க முடியவில்லை. டாக்டர் வந்ததும் பக்கத்துக் கட்டில்காரிதான் பேசினாள்.

"டாக்டர், அந்தம்மாவுக்கு விடிஞ்சதுலேர்ந்து உதறுது. அந்தப் பையைக் கொஞ்சம் பாருங்க."

டாக்டர் பார்த்தார். பிறகு கட்டிலில் தொங்கிய சிகிச்சை அட்டையைப் புரட்டினார். இரண்டாம் நாளே குழாயை எடுக்கச் சொல்லி அவரே எழுதியிருந்தார். யாரும் எடுக்கவில்லை. உடனே குழாய் உருவப்பட்டது, சிறுநீர் பரிசோதனைக்குப் போனது, கையில் மருந்து ஏறியது. ஆபரேஷனுக்குப் பிறகு இந்தத் தொற்று சகஜம்தான் என்றார் டாக்டர்.

"சகஜம்னா, அந்தப் பையைக் கட்டிக்கிட்டு நீங்க ஒரு நாள் படுத்துப் பாருங்க" என்றாள் தையல்காரி, உதறல் சற்று அடங்கியதும்.

காய்ச்சல் இறங்க மூன்று நாளாயிற்று. ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கும்போதும் மிளகாய் அரைத்துத் தடவியதுபோல எரிந்தது. காய்ச்சல் விட்ட மறுநாள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்:

"அன்னைக்கு அந்த நாத்தம் என்னோடதுதான்க்கா."

"தெரியும். எனக்கும் மூக்கு இருக்கே."

சிரித்தால் தையல் இழுத்தது. ஆனாலும் இருவரும் சிரித்தார்கள்.