பாதிப் புழுக்கை

மான் புழுக்கைக்கு முன்னால் மண்டியிடுவதில் என்னை மிஞ்ச உலகத்தில் ஆள் கிடையாது. முட்டி இரண்டும் வெடிக்கிற வெடிப்பில் பக்கத்துக் காட்டு மான்கள்கூடத் தலைதெறிக்க ஓடியிருக்கும். கயிறு கட்டிய சதுரங்களுக்குள் கிடந்த பழைய புழுக்கையையெல்லாம் போன மாதமே பொறுக்கி எறிந்திருந்தோம். இப்போது புதிதாக விழுந்த குவியல்களை எண்ண வேண்டும். அதை வைத்துக் காட்டில் எத்தனை மான் என்று வனத்துறை கணக்குப் போடும். அளவுக்கு மிஞ்சினால் மானைச் சுட்டுக் குறைக்கத் துப்பாக்கியோடு ஆள் வரும்.

சம்பளமில்லாத இந்த உத்தியோகத்துக்கு என்னை இழுத்துவந்தவன் மச்சினன், என் மனைவியின் தம்பி. அவள் போய்ச்சேர்ந்த பிறகு நான் நாற்காலியிலேயே வேர்விட்டு, துளிர்க்கவும் ஆரம்பித்துவிட்டேனாம். வந்தேன். நான் எண்ணிச் சொல்ல, அவன் எழுதினான். வாய் தன் பாட்டுக்குப் பஸ் ஓட்டிய காலத்துக் கதைகளை அளந்துகொண்டிருந்தது. என் பஸ் ஒருமுறை ஆற்றையே தாண்டிக் குதித்தது. குவியல் கணக்கை மட்டும் ஏற்றிச் சொல்லத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை. அவள் வீட்டு வேலியோரம் நின்று ஆசையாகப் பார்க்கும் மான்கள் வந்தபோதும், சுவரைப் பார்ப்பதுபோல்தான் பார்த்தேன்.

கடைசிச் சதுரத்துக்கு முன் தண்ணீர் குடிக்க உட்கார்ந்தோம். மச்சினன் வாய்விட்டுக் கூட்டினான். நாலு, அஞ்சு, மூணு.

“எட்டு, பத்துன்னுல்ல சொன்னேன்?”

“நீங்க எதைச் சொன்னாலும் பாதியாக்கிக்கன்னு அக்கா சொல்லுவாளே மாமா. கை தானா எழுதிடுச்சு.”

நான் அளந்துகொண்டிருக்கும்போதே கேட்பவரிடம் அப்படித்தான் சொல்வாள். நான் அளக்க, அவள் வெட்ட, ஆயுசு முழுக்க அப்படியே ஓடியது. இப்போதும் வெட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். மரத்துப்போன கால் விழித்துக்கொள்வதுபோல் நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது.

“இன்னிக்குச் சொன்ன கணக்கெல்லாம் நிஜம்டா.”

அவன் பென்சில் முனையிலிருந்த ரப்பரையே பார்த்தான். “அப்ப எல்லாத்தையும் திருத்தணும். திருத்தினா சுட வந்துடுவாங்க.”

கடைசிச் சதுரத்துக்குள் போய் மண்டியிட்டேன். முட்டி வெடித்தது. எதுவும் ஓடவில்லை.

“ஆறு,” என்றேன்.

“ஆறா, மூணா?”

ஓரத்துக் குவியலில் இன்னும் ஈரம் மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால், புதருக்குள் இரண்டு காதுகள் எங்கள் பக்கம் திரும்பி நின்றன.