ஸஹ்றாவுக்கு வேறு பீங்கான்

கண்டக்குழி என்ற கடலோர ஊரில், வீட்டுக் கிணற்றடியில் வைத்து றிஸ்மினா தன் ஐந்து வயது மகள் ஸஹ்றாவைத் தென்னந்தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் முதுகிலும் வயிற்றிலும் மண்ணிறப் புள்ளிகள். தேமல், தொத்தும் என்று ஊரில் கதை. வெள்ளிக்கிழமை பிள்ளையின் மாமி கமீலாவின் மகளுக்குக் கல்யாணம். அங்கே ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அந்த ஒரே பெரிய தட்டில் கையிட்டுச் சாப்பிடுவார்கள். தன் மகளோடு எவள் உட்காருவாள் என்பதுதான் றிஸ்மினாவின் கவலை. ஊரைச் சொல்வானேன், மூன்று மாதமாக வீட்டிலேயே பிள்ளைக்கு வேறு பீங்கான் தட்டும் வேறு பாயும் கொடுத்தவள் அவள்தான்.

தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் சிவந்து தடித்தன. தேமல் வெளியே கிளம்புகிறது என்று அவளுக்குச் சந்தோஷம். கல் உப்பையும் சேர்த்துக்கொண்டாள். பிள்ளையின் அழுகை காதில் ஏறவில்லை. முகமெல்லாம் சிவந்து ஸஹ்றா வாந்தி எடுத்த பிறகுதான் தும்பைக் கீழே போட்டாள். சுற்றுலாக்காரரை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் படகோட்டியான வாப்பா மின்ஹாஜ், பிள்ளையை ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினான். றிஸ்மினாவும் கூடவே போனாள்.

பிள்ளை தெளிந்ததும், டொக்டர் அதுவரை தடிக்காத ஒரு புள்ளியை மெதுவாகத் தடவினார். கொஞ்ச நேரத்தில் அதுவும் தடித்து எழும்பியது. இந்தத் தோல் வருத்தத்துக்கு மாஸ்டோசைட்டோசிஸ் என்று பெயர், சில பிள்ளைகளுக்கு இப்படிப் புள்ளிகளாக வரும், சிலருக்கு ஒரே தடிப்பாகவோ கொப்புளமாகவோ வரும், யாருக்கும் தொத்தாது, வளர வளரப் பெரும்பாலும் மங்கிவிடும், தேய்க்க மட்டும் கூடாது என்றார். யார் தேய்த்தது என்றும் கேட்டார். றிஸ்மினா பிள்ளையின் சட்டையை இழுத்துப் புள்ளிகளை மூடினாள்.

கல்யாணத்தன்று ஸஹன் வந்தது. கமீலா தானாகவே நகர்ந்து பிள்ளைக்கு இடம் விட்டாள். ஸஹ்றா உட்காரவில்லை.

"எனக்கு வேற பீங்கான்ல தாங்க மாமி. ஒங்களுக்கும் தொத்திரும்."

பெண்கள் றிஸ்மினாவைப் பார்த்தார்கள். ஊர் ஒதுக்கிவிடும் என்று பயந்தாளே, ஒதுங்கி நிற்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவளல்லவா. மகளை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"என்ட மகளுக்கு இரிக்கிறது தொத்துற வருத்தமில்ல. நாந்தான் ஊர்க் கதைய நம்பி, பெத்த புள்ளையத் தள்ளி வெச்சன். என்ன வருத்தமெண்டு தெரியாட்டி டொக்டர்ட்ட கேக்கோணும். கேக்காம ஒரு புள்ளையயும் ஒதுக்கப்படாது."

ஸஹ்றா உட்கார்ந்துதான் இருந்தாள். ஆனால் கையை ஸஹனில் வைக்காமல், நிஜமாகவே வைக்கலாமா என்று உம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.