எட்டுப் பேருக்கு ஒரு நாடு

பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் பண்டாரவளையில் மர்ஸூக் முதலாளியின் பிடவைக்கடை பூட்டியிருக்கும். அப்படி ஒரு போயா பிற்பகலில், கடையின் மேல்மாடியில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே பாய் விரித்து எட்டுப் பேர் உட்கார்ந்து கீரை ஆய்கிற மாதிரி ஆப்பிரிக்காவை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

எட்டுப் பேரும் ஆறு வருஷமாகக் காலையில் சேர்ந்து நடப்பவர்கள். சீனி வியாதிக்குப் பயந்து தொடங்கிய நடை அது. நடக்க நடக்கப் பேச்சு வளர்ந்தது, பேச்சு வளர்ந்து யால சரணாலயம் வரைக்கும் போனது, பிறகு வில்பத்து, மின்னேரியா. யானை பார்த்தாயிற்று, கரடியும் பார்த்தாயிற்று. சிங்கம் பார்க்காமல் கண்ணை மூடுவதா என்று யாரோ ஒருநாள் கேட்டுவைக்க, அந்தக் கேள்வி இந்தப் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பிடவை சுற்றுகிற பழுப்புத்தாளைச் சுவரில் ஒட்டி, அதில் கோடு கிழித்து நாடுகளை எழுதியவர் சிவஞானம் மாஸ்டர். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆளுக்கொரு நாட்டைப் பற்றி விசாரித்து வந்து பேச வேண்டும், பிறகு கை தூக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். முதலாளி தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொண்டு டர்பன் நகரத்துப் பிடவைக்கடைகளைப் பற்றியே கால்மணி நேரம் பேசினார். மிருகம் பார்க்கவா போகிறோம், சரக்கு எடுக்கவா என்று எல்லாரும் சிரித்ததில் அந்த நாடு அடிபட்டது. மாஸ்டர் தன்சானியாவின் மழையளவை மாதம் மாதமாக வாசித்தபோது இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

முதலாளியின் மனைவி றஷீதாவுக்குக் கென்யா. அவள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டவள். லட்சம் லட்சமாக மாடு மாதிரியும் மான் மாதிரியும் இருக்கிற விலங்குகள் ஒரு ஆற்றைக் கடக்கிற படத்தை மகள் ஷிப்னா போனில் அனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து றஷீதாவுக்குச் சோறு வடிக்கும்போதும் அந்த ஆறுதான். அவ்வளவு கூட்டத்தில் முதல் காலை வைக்கிறது எது? பின்னால் நிற்பது தள்ளுமா? அக்கரைக்குப் போனதும் தாய் தன் குட்டியை எப்படிக் கண்டுபிடிக்கும்? இதையெல்லாம் அவள் கேட்கக் கேட்க, பாயில் இருந்தவர்களின் கண்களும் அந்த ஆற்றங்கரைக்கே போய்விட்டன.

கடைசியாக ஜீவராணி டீச்சர். ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, படித்து ஆசிரியையாகி, ஷிப்னாவுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்தவர். றஷீதாவுக்கு இருபது வருஷச் சிநேகிதி. அவர் எடுத்தது நமீபியா. அவர் காட்டிய படத்தில் வெள்ளை வெளேரென்று காய்ந்த தரை, நடுவில் குட்டை மாதிரிக் கொஞ்சம் தண்ணீர், பச்சை என்று ஒரு பொட்டும் இல்லை.

"இதப் பாக்க ஆப்பிரிக்காவுக்கு என்னத்துக்கு டீச்சர்?" என்றார் முதலாளி. "ஹம்பாந்தோட்ட உப்பளத்துக்குப் போனாப் போதுமே. பகல் சோத்துக்கு ஊட்டுக்கும் வந்துடலாம்."

டீச்சரும் சிரித்தார். தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்பார்கள். தேயிலை நட்ட பகுதி ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு மலை.

"எங்கப்பா கவ்வாத்து வெட்டுறவரு, முதலாளி. கொழுந்து மண்டிக் கெடக்குற மலையில புலி பக்கத்துல படுத்திருந்தாலும் தெரியாதுங்க. கவ்வாத்து வெட்டுன மலையில மொசல் காத ஆட்டினாலும் தெரியும். பச்சை இருக்குற எடத்துல மிருகம் இருக்கும், நம்ம கண்ணுக்குத்தான் இருக்காது."

நல்ல பேச்சுத்தான். ஆனால் பாருங்கள், மலைநாட்டில் பிறந்தவர்களுக்குப் பச்சை என்றால் செழிப்பு, காய்ந்தது என்றால் பஞ்சம். பணம் கட்டிப் பஞ்சத்தைப் பார்க்கப் போக யாருக்கு மனசு வரும்? கென்யாவுக்கு ஆறு கை. தன்சானியாவுக்கு மாஸ்டரின் கை மட்டும். நமீபியாவுக்கு டீச்சரின் கை மட்டும்.

"அப்ப நீங்க போயிட்டு வாங்க," என்று டீச்சர் பாயைச் சுருட்டத் தொடங்கினார். "எனக்கு இந்த வருஷம் தோதுப்படாது."

அந்தப் பேச்சு றஷீதாவின் மனதில் முள்ளாகத் தங்கியது. தோற்றால் முகம் சுளிக்கிற ஆள் இல்லையே டீச்சர். மறுநாள் நடையில் கேட்டபோது முழங்கால் வலி என்றார், சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் முன்னால் நடந்தார். அதற்கடுத்த நாள் தோட்டத்துக் கோயில் திருவிழா என்றார். மூன்றாம் நாள், விமானத்தில் குளிரும் என்றார். பண்டாரவளைப் பனியில் சால்வை இல்லாமல் நடக்கிற மனுசிக்குக் குளிராம். றஷீதா முப்பது வருஷம் சேலை விற்றவள். நிறம் சரியில்லை, கரை சரியில்லை, கனம் என்று மூன்று குறை சொல்கிறவருக்கு நாலாவதாக ஒன்று உள்ளே இருக்கும். அது என்ன?

அந்த வாரம், பதுளையில் பயண அலுவலகம் வைத்திருக்கும், அவளை அக்கா முறையில் ராத்தா என்று அழைக்கும் இன்பாஸ் விண்ணப்பத் தாள்களை அனுப்பினான். கென்யாவுக்குப் போவதானால் எல்லாரும் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட வேண்டும், அதற்கு முன் இதை நிரப்புங்கள் ராத்தா என்று போனில் சொன்னான். றஷீதா எட்டுத் தாளையும் தானே நிரப்பினாள். எப்படியும் டீச்சரின் மனதை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கைதான். வலிப்பு உண்டா, இல்லை. முட்டை ஒத்துக்கொள்ளாதா? எட்டுத் தாளிலும் 'ஒத்துக்கொள்ளும்' என்று எழுதினாள். டீச்சரின் தாளில் எழுதும்போது சிரிப்புக்கூட வந்தது. பெருநாளுக்குப் பெருநாள் தன் வீட்டு வட்டிலப்பத்தைக் கிண்ணம் நிறைய வாங்கிக்கொள்கிறவர் அல்லவா? கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற ஒரு வட்டிலப்பத்துக்குப் பத்து முட்டை உடைப்பாள் றஷீதா.

ஹஜ்ஜுப் பெருநாளன்று மாலை, வழக்கம்போல் ஆளிடம் கொடுத்துவிடாமல், கிண்ணத்தையும் அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு தானே டீச்சர் வீட்டுக்குப் போனாள். டீச்சர் கடைக்குப் போயிருந்தார். அவருடைய வீட்டுக்காரர் ரெங்கசாமி கதவைத் திறந்தார். கிண்ணத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டுமே. உட்காருங்க என்று சொல்லும் முன்பே கரண்டி எடுத்து வந்துவிட்டார்.

"டீச்சருக்குக் கொஞ்சம் வைங்க," என்றாள் றஷீதா.

"அவளுக்கா? முட்டை ஒரு சொட்டுப் பட்டாப் போதுங்க, தொண்டை அடைச்சிரும். கல்யாணமான புதுசுல கேக்கு தின்னுட்டு ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. இருபது வருசமா உங்க வட்டிலப்பம் எல்லாம் இந்த வயித்துக்குள்ளதான்."

றஷீதா கையில் இருந்த தாளை விரித்து, தான் எழுதியிருந்த 'ஒத்துக்கொள்ளும்' என்ற பதிலைப் பார்த்தாள். முட்டைக் கேள்வியை ஏன் கேட்டார்கள் என்று இன்பாஸுக்கு அங்கிருந்தே போன் போட்டாள். அந்த ஊசி மருந்தை முட்டையில்தான் செய்கிறார்கள், முட்டை ஒத்துக்கொள்ளாதவருக்குப் போட்டால் ஆபத்து என்றான் அவன். ஊசி போட்ட அட்டை இல்லாமல் கென்யாவுக்குப் போய் வருவது கஷ்டம். நமீபியாவுக்கு? கத்தார் வழியாகப் போனால் ஊசியே வேண்டாம் ராத்தா.

டீச்சர் மரக்கறிப் பையோடு உள்ளே வந்தார். மேசையில் கிண்ணம், கிண்ணத்துக்குப் பக்கத்தில் தாள், கரண்டியோடு புருஷன். ஒரு பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது.

"இவ்வளவு காலமா ஒரு வார்த்த செல்லல்லயே டீச்சர்," என்றாள் றஷீதா.

"மொத வருசம் நீங்களே கொண்டாந்து, ருசி பாத்துச் சொல்லுங்கன்னு நின்னீங்க. அன்னைக்குச் சொல்ல வாய் வரல. அப்புறம் சொல்ல வெட்கமாப் போச்சு."

"இது வட்டிலப்பம் இல்லையே. ஊசி. நான் எழுதினத நம்பி ஒங்களுக்குப் போட்டிருந்தா?"

"நான்தான் வரலன்னு சொல்லிட்டேனே." டீச்சர் பையைக் கீழே வைத்தார். "சொன்னா நீங்க ஏழு பேரும் எனக்காக மாத்துவீங்க. பரிதாபப்பட்டுக் கூட்டிட்டுப் போற எடத்துக்கு நான் வரமாட்டேங்க. பேசி ஜெயிக்கத்தான் பாத்தேன், முடியல. அவங்ககிட்டச் சொல்லிராதீங்க. ஆனா ஒண்ணு, கவ்வாத்து மலைக் கதை மட்டும் நிசம்."

றஷீதா வாக்குக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தபோதுதான் தான் எதில் மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தது. காரணத்தைச் சொல்லாமல் ஆறு பேரைத் திருப்ப வேண்டும். அவர்களில் ஐந்து பேரைக் கென்யாவுக்குத் திருப்பியதே அவள் வாய்தான். திருப்பாவிட்டால் டீச்சரை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டும். அந்த ஆற்றைக் கடக்கிற கூட்டத்தில் கடைசிக் குட்டி இக்கரையிலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று ஒருநாள் அவளே கேட்டது, இப்போது ஞாபகத்துக்கு வந்தது. கவ்வாத்து மலைக் கதை நிஜந்தானா? அதையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று தோன்றியது.

மறுநாள் பெருநாள் அலுப்பில் நடைக்கு ஐந்து பேர்தான் வந்தார்கள், டீச்சரும் அதில் ஒருவர். றஷீதா பாதையை மாற்றினாள். பட்டணத்துக்கு வெளியே தோட்டத்து ரோட்டில் ஒரு பக்கம் கொழுந்து இடுப்பளவு மண்டி நின்றது, மறுபக்கம் கவ்வாத்து வெட்டி வெறும் குச்சியாகக் கிடந்தது. எதற்கு இங்கே என்று முதலாளி கேட்டார். சும்மா பாருங்க என்றாள். கால்மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாஸ்டர் கொட்டாவி விட்டார். றஷீதா மேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு வெட்டின மலையின் மேட்டில் ஒரு கேளையாடு வந்தது. மானில் சின்ன சாதி அது, நாய் மாதிரிக் குரைக்கும். அதன் பின்னால் குட்டி ஒன்று. குச்சிகளுக்கு நடுவே குட்டி தடுக்கி விழுந்து எழுந்ததும், தாய் திரும்பி நின்று அதன் முதுகை நக்கியதும், காது இரண்டும் தனித்தனியாகத் திரும்பியதும், எல்லாம் கையில் வைத்துப் பார்க்கிற மாதிரித் தெரிந்தது. பிறகு இரண்டும் ரோட்டைத் தாண்டிக் கொழுந்துக்குள் பாய்ந்தன. அவ்வளவுதான். பத்தடி தூரத்தில் போனவற்றை ஐந்து பேரும் பத்து நிமிஷம் தேடினார்கள். முதலாளி குனிந்து பார்த்தார், கல்மேல் ஏறிப் பார்த்தார். பச்சை மட்டும்தான் தெரிந்தது.

"கென்யாவுலயும் இப்படித்தான் தேடணுமா?" என்று கடைசியில் கேட்டார்.

"அங்க வெட்டவெளியும் இரிக்கி," என்றாள் றஷீதா. பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "ஆனா எனக்கு இப்ப தாய் அந்தக் குட்டிய நக்கினதப் பாத்த மாதிரி எல்லாத்தையும் பக்கத்துல பாக்கணும். ஆத்த அடுத்த முறை பாப்பம். என்ட கை நமீபியாவுக்கு."

டீச்சர் கவ்வாத்துக் குச்சி ஒன்றின் நுனியைத் தடவிக்கொண்டு நின்றார். மாஸ்டர் மட்டும் றஷீதாவை ஒருமுறை பார்த்தார், டீச்சரை ஒருமுறை பார்த்தார். கணக்கில் ஏதோ ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. விடை சரி என்றால் போதும் என்று சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். கேளையாட்டுக் கதையைக் கேட்டு மற்ற மூன்று பேரும் சேர, அடுத்த போயாவில் நமீபியாவுக்கு எட்டுக் கை.

புதுத் தாள்களை றஷீதா டீச்சர் வீட்டு மேசையிலேயே வைத்து நிரப்பினாள். முட்டையைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை. எட்டாவது பெயரை எழுதி முடித்து, அடுத்த பெருநாளுக்கு அல்வா மாதிரி முட்டை சேராத தொதல் கிண்டிக் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

உள்ளே இருந்து ரெங்கசாமி எட்டிப் பார்த்தார்.

"அப்ப வட்டிலப்பம்?"