கழுநீர்த் தொட்டி

கையில் நேந்திரங்காய் சிப்ஸ். அப்படியென்றால் எதையோ தூக்கிப்போக வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள் முத்துவடிவு. சும்மா வருகிற நாளில் கொழுந்தன் விஜயசங்கர் வெறுங்கையோடுதான் வருவான். போனமுறை சிப்ஸ் வந்தபோது பித்தளை அண்டா போனது. குற்றாலத்தில் அவன் நடத்தும் விடுதி வாசலில் இப்போது அதற்குள் நனைந்த குடைகள் நிற்கின்றன.

"மைனி, பின்னால அந்தக் கல்தொட்டி சும்மாதான கெடக்கு? அண்ணன்ட்ட கேட்டுட்டேன்."

அவள் புருஷன் வல்லிநாயகம் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொண்டு போட்டும். இங்கன மாடா நிக்கி?"

நின்ற மாட்டை விற்றவர் அவர்தான். பிறந்த ஊர் கடையத்திலிருந்து அவளோடு ஒரு பசுவும் அது குடிக்க இந்தத் தொட்டியும் சீராக வந்து இறங்கியபோது, "நகைக்குப் பதிலா கல்லையா அனுப்புதாவ?" என்று சிரித்த வீடு இது. பிறகு அந்தக் கல்லில்தான் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்தார்கள். மாடி எடுத்தபோது செங்கல் நனைத்தார்கள். விஜயசங்கரின் பிள்ளைகள் கோடை லீவில் அதற்குள் உட்கார்ந்து குளித்து, அதற்குள்ளேயே ஒன்றுக்கும் போனார்கள். தேய்த்துக் கழுவியது அவள்.

"ஆன்டிக் பீஸு மைனி! வாஷ் பேசினா வச்சு, மேல பித்தளைக் குழாய் மாட்டுனா, கேரளாக்காரன் பாத்த எடத்துலயே விழுந்துருவான். அடியில ஒரு ஓட்ட மட்டும் போடணும். ஆளக் கூட்டிட்டு வந்துட்டேன். அங்கன வச்சுப் போட்டா கெஸ்ட்டுக்குச் சத்தம் ஆவாது பாருங்க."

இவள் காதுக்குச் சத்தம் ஆகும்.

ஓட்டை போட்டுவிட்டால் பிறகு திரும்பி வந்தாலும் அது தொட்டியில்லை. மாடு போன பின்பும் அவள் அரிசி கழுவிய நீரைச் சாக்கடையில் கொட்டியதில்லை. பக்கத்து வீட்டு பெர்சிஸும் தன் வீட்டுக் கழுநீரை இதில்தான் ஊற்றுவாள். பெர்சிஸின் சினைமாடு தானே வந்து குடிக்கும். குடித்து முடித்துத் தலையைத் தூக்கி முத்துவடிவை ஒருமுறை பார்க்கும். இந்த வீட்டில் வயிறு நிறைந்த பிறகு அவள் முகத்தைப் பார்க்கிறது அது ஒன்றுதான். காலையில் அது நக்கித் துடைத்துவிட்டுப் போன தொட்டியைப் பார்த்துத்தான் சும்மா கிடக்கிறது என்கிறான் இவன்.

துளை போடும் மிஷினின் ஒயர் அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

"மைனி, அத அந்த பிளக்குல சொருகுங்க."

அவள் ஒயரை வெளியே தள்ளினாள். கழுநீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். மிஷின்காரர் விலகிக்கொள்ள, தொட்டியில் மொத்தத்தையும் ஊற்றினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?" உள்ளேயிருந்து வல்லிநாயகம்.

"மாட்டுக்கு ஊத்துதேன்."

"யாரு மாட்டுக்கு?"

அவள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"தொட்டி இங்கனதான் கெடக்கும், தம்பி. போகும்போது சிப்ஸ எடுத்துக்கிடுங்க."